நமக்கெதற்கு வம்பு?



"பிழைக்க வந்த இடம், நமக்கெதற்கு வம்பு?" தாராவிச் சந்திலும் மாட்டுங்கா கடைவீதியிலும் செம்பூர்க் குடியிருப்பிலும் இன்றும் கேட்கிற பேச்சு இது.

1966-இல் சிவசேனை பிறந்தது. அது முதலில் குறிவைத்தது யாரை? 'மதராஸி' என்று இழிக்கப்பட்ட நம் பெரியவர்களைத்தானே! லுங்கி கட்டியவனை விரட்டு என்றார்கள். தென்னிந்தியர் உணவு விடுதிகளை நொறுக்கினார்கள். ஊரே வேடிக்கை பார்த்ததென்று குமுறினோம்.

பிறகு நாம் செய்தது என்ன? 1992 டிசம்பர், 1993 ஜனவரிக் கலவரங்களில் ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள் என்றது ஸ்ரீகிருஷ்ணா கமிஷன். தாராவியும் தப்பவில்லை. எத்தனை பேர் வாய் திறந்தோம்?

2008 அக்டோபரில் இரயில்வேத் தேர்வெழுத வந்த வடநாட்டு இளைஞர்களை மகாராஷ்டிர நவநிர்மாண் சேனையினர் அடித்து விரட்டினர். அன்றே இரயில்வே குமாஸ்தாவாக இருந்த நானும் தலைகுனிந்து கணக்கெழுதினேன். வெட்கத்தோடு சொல்கிறேன்.

தடி அதேதான்; முதுகுதான் மாறியது!

நடுநிலை தராசுக்கு அழகு. அடிப்பவனுக்கும் அடிபடுகிறவனுக்கும் நடுவே கைகட்டி நிற்பது நடுநிலையன்று; அடிப்பவனுக்குத் துணை.

தோழர்களே! பக்கத்துச் சந்தில் அடி விழுந்தால் கதவைச் சாத்தாதீர்கள். கூட்டமாகப் போய் நில்லுங்கள். கண்டதைக் காவல் நிலையத்தில் சாட்சி சொல்லுங்கள். தனியாக வேண்டாம், சங்கம் உடன் வரும்.