பானெட்டுக்குள் ஒரு குறுக்குக் கம்பி

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை காருக்கு அலங்காரம் செய்யும் கடைகள் பெருகிவிட்டன. சீட் கவரும் மியூசிக் சிஸ்டமும் விற்றுக்கொண்டிருந்தவர்கள் இப்போது 'சேஸிஸ் பிரேஸ்' விற்கிறார்கள். பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கத்து சஸ்பென்ஷன் தலைகளையும் இணைத்தபடி சிவப்போ நீலமோ பூசிய ஒரு கம்பி. காருக்கு அடியில் இன்னும் இரண்டு. "மாட்டிப் பாருங்க சார், வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், வளைவுல சாயவே சாயாது" என்பது கடைக்காரர் வாக்கு.

இரண்டுமே பொய்.

ரோட்டைப் பிடிப்பது டயர். உள்ளங்கை அகலத்துக்கு நான்கு ரப்பர் திட்டுகள்தான் காரையும் தரையையும் இணைக்கின்றன. வளைவில் கார் சாய்வதைக் குறைப்பது ஆன்ட்டி ரோல் பார் என்ற வேறொரு உறுப்பு. அது சக்கரங்களோடு இணைந்து முறுக்கிக்கொள்வது. பெரும்பாலான கார்களில் கம்பெனியே போட்டுத்தான் அனுப்புகிறது. பெயரில் 'பார்' என்று வருவதால் இரண்டையும் குழப்பி விற்பது இவர்களுக்கு வசதி.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அந்தப் படிப்பு குமாஸ்தா வேலைக்கு அதிகம் உதவவில்லை, இங்கே உதவுகிறது. பானெட்டுக்குள் மாட்டும் இந்தக் கம்பிக்கு பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர் 'பார் ஆந்தி ரப்ரோஷ்மான்'. அதாவது, இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று நெருங்கிவிடாமல் தடுக்கும் கம்பி. அவ்வளவுதான் அதன் உத்தியோகம். வளைவில் வேகமாகத் திரும்பும்போது சக்கரத்தின் பாரம் சஸ்பென்ஷன் வழியாக மேலே வந்து அந்தத் தலைகளைத் தள்ளுகிறது. தகடு மிகச் சிறிதாக வளைகிறது, சக்கரத்தின் கோணமும் அதோடு சற்று மாறுகிறது. கம்பி அதைக் குறைக்கும்.

'சேஸிஸ்' என்ற சொல்லும் பிரெஞ்சுதான். 'ஷாஸி' என்றால் சட்டம், ஜன்னல் சட்டம் போல. 1934-இல் சித்ரோயன் கம்பெனி 'த்ராக்சியோன் அவான்' காரைக் கொண்டுவந்தபோதே தனிச் சட்டத்தைக் கைவிட்டு, உடம்பையே சட்டமாக்கிவிட்டது. இன்று நாம் ஓட்டும் கார்களில் அநேகமாக எல்லாமே அப்படித்தான். இல்லாத சேஸிஸுக்கு முட்டுக் கொடுக்கக் காசு கேட்கிறார்கள்.

கம்பியே வீண் என்று நான் சொல்லவில்லை. மூடியோடு இருக்கும் செருப்புப் பெட்டியை முறுக்கிப் பாருங்கள், பிறகு மூடியைக் கழற்றிவிட்டு முறுக்குங்கள். கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார் அந்த மூடியில்லாத பெட்டி. மாஸ்டா கம்பெனி 1989-இல் கொண்டுவந்த எம்.எக்ஸ்-5 என்ற இரண்டு சீட் காருக்கு 1994 மாடலில் கூடுதல் முட்டுக் கம்பிகளைக் கம்பெனியே சேர்த்தது. அங்கே தேவை இருந்தது. கூரையும் நான்கு கதவுமாக ஆபீஸ் போய்வரும் காரின் கதை வேறு.

என் தங்கை பேரன் செகண்ட் ஹேண்டில் ஒரு லான்சர் சீடியா வாங்கியிருக்கிறான். நம் திருவள்ளூர் தொழிற்சாலையில் செய்த வண்டி, ராலிகளில் பேர் வாங்கியது. வாங்கின மறுமாதமே, "தாத்தா, மூணு பிரேஸ் சேர்த்து 22,000 ரூபாய். பாதி நீங்க குடுங்க" என்று வந்து நின்றான். பட்டரவாக்கத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். கீழ்க்கை புஷ் நாலும் வெடித்திருந்தன. முன்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசிவு. டயரின் பக்கவாட்டில் 3517 என்று எண், அதாவது 2017-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது. இந்த நிலையில் இருக்கும் வண்டிக்கு மூன்று கம்பி விற்க இருந்தவர், அதை ஒரு தடவைகூட லிப்டில் ஏற்றிப் பார்க்கவில்லை. முட்டி தேய்ந்தவனுக்கு வெள்ளிக் கொலுசு போடுகிற வைத்தியம் இது.

நம் தலைமுறைக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நினைவிருக்கும். வண்டலூரில் செய்த வண்டி. அதற்கு நிஜமாகவே தனிச் சேஸிஸ் இருந்தது. ஆனாலும் வளைவில் வேகமாகப் போய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கி, வால் வீசிவிடும். குற்றம் அதன் ஸ்விங் ஆக்ஸிலில். எத்தனை கம்பி முட்டுக் கொடுத்தாலும் அது தீர்ந்திருக்காது. 1972-இல் வந்த கெசலில் பின் ஆக்ஸிலையே மாற்றி நேரான ஆக்ஸில் போட்டார்கள். நோய் எங்கே என்று பார்த்துச் செய்த காரியம் அது. இந்தக் கடைக்காரர்களிடம் நான் கேட்பதும் அதைத்தான்: நோய் எங்கே என்று பார்த்தீர்களா?

இன்னொரு பக்கம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. இருக்கிற போல்ட்டிலேயே மாட்டி, வேண்டாமென்றால் கழற்றக்கூடிய கம்பி இதில் வராது என்று வாதாடலாம். ஃபைல்களோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் நானே வாதாடுவேன். ஆனால் தகட்டைத் துளைத்தும் வெல்டு வைத்தும் மாட்டுகிறார்களே, அதற்கு எந்த வாதமும் எடுபடாது. துளைத்த இடத்தில் ஐப்பசி மழைக்குத் துரு ஏறுவது தனிக் கணக்கு. அடியில் மாட்டிய கம்பி நம் தெரு ஸ்பீடு பிரேக்கர்களில் உரசுவதும் தனிக் கணக்கு.

எனக்குக் கோபம் காசைப் பற்றி மட்டும் இல்லை. கம்பி மாட்டிய பையன் அதைச் சோதிக்க எங்கே போகிறான்? ராத்திரி பதினொரு மணிக்கு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்கு. நசரத்பேட்டையிலிருந்து நெமிலிச்சேரி வரை காலியாகக் கிடக்கும் அகலமான ரோடு, விளக்கில்லாமல் நிற்கும் லாரி, குறுக்கே வரும் மாடு. கம்பியோடு கூட ஒரு பொய்த் தைரியத்தையும் மாட்டி அனுப்புகிறார்கள். "ரேஸ் வண்டியில எல்லாம் இருக்கே தாத்தா" என்கிறான். இருக்கிறது. பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் போய்ப் பார்க்கட்டும். அங்கே ஓடுகிற வண்டியில் ரேஸுக்கென்றே செய்த டயர், உள்ளே வெல்டு வைத்த இரும்புக் கூண்டு, ஓட்டுபவன் தலையில் ஹெல்மெட். எதிரே லாரி வராது.

22,000-இல் பாதி கேட்டவனுக்கு 11,000 கொடுத்தேன், புஷ்ஷுக்கும் ஷாக் அப்சார்பருக்கும் அலைன்மென்டுக்கும். டயருக்கு அவனே மாதம் கொஞ்சமாகச் சேர்க்கிறான். உங்கள் வீட்டுப் பேரனும் பிரேஸ் என்று வந்து நின்றால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் டயர் ஓரத்தில் அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள். கடைசி இரண்டும் வருஷம்.