நாற்காலிக்கு எத்தனை வயது ஆக வேண்டும்?

இந்தூர் மன்னர் இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கர் 1930இல் மாணிக் பாக் என்ற தன் வீட்டை ஜெர்மன் கட்டடக் கலைஞர் எக்கார்ட் முத்தேசியுஸிடம் ஒப்படைத்தார். இருவருக்கும் அப்போது முப்பது வயது கூட ஆகவில்லை! வீட்டுக்கான நாற்காலிகள் சிலவற்றையும் முத்தேசியுஸே வடிவமைத்தார். நூலகத்துக்குச் செய்தது, படிக்க விளக்கு பொருத்திய சிவப்பு நாற்காலி. சிங்கமுகம், பூவேலை எதுவும் கிடையாது. ராஜா வீட்டு நாற்காலி என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

வீடு பிறகு மத்திய கலால் அலுவலகமானது. அதன் அறைகலன்கள் 1980இல் மொனாக்கோவில் ஏலம் போயின.

1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் பொருள்களுக்கு 100 ஆண்டு வயது கேட்கிறது. திருமுடிவாக்கத்தில் 20 வருட நாற்காலியே காயலான் கடைக்குப் போய்விடும். கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு போதும் என்று விட்டுக்கொடுத்த அதே சட்டம், நாற்காலிக்கு 50 என்று வைத்தால் என்ன?