குப்பைக்கு ஏது கட்சி?

2025 செப்டம்பர் 14 அன்று நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல். ஜெர்மன் குடியுரிமை வாங்கி முதல் ஓட்டுப் போடக் கிளம்பிய நண்பர் ஒருவரிடம், யாருக்குப் போடப்போகிறார் என்று கேட்டேன். "பார்லிமென்ட்டுக்குத்தான் கட்சி பார்க்கணும் சார். மேயருக்கு எதுக்குக் கட்சி? குப்பை அள்ளுறதுல இடதென்ன, வலதென்ன? எந்தக் கட்சியிலயும் இல்லாத நல்ல ஆளாப் பார்த்துப் போடவேண்டியதுதான்" என்றார்.

அவராகக் கண்டுபிடித்த தத்துவம் இல்லை இது. ஜெர்மனியில் தெருவுக்குத் தெரு கேட்கலாம். 'பார்ட்டைலோஸ்', அதாவது கட்சி சாராதவர் என்ற சொல் இங்கே நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி. தெற்கே பாடன்-வுர்ட்டம்பெர்க்கில் எந்தக் கட்சியிலும் இல்லாத மேயர்கள் ஏராளம். நம் ஊரிலும் 'கட்சியைப் பார்க்காதே, ஆளைப் பார்' என்பதுதானே பேச்சு? தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னத்துக்கே இடமில்லை. பூட்டு சாவியும் கத்தரிக்காயும்தான். எந்தக் கத்தரிக்காய் எந்தக் கட்சித் தோட்டத்தில் காய்த்தது என்பது டீக்கடை பெஞ்சுக்குத் தெரியும். தெரியாதது சட்டத்துக்கு மட்டும். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் சட்டமன்ற இடைத்தேர்தலில் குக்கர் சின்னத்தில் நின்று ஜெயித்த டி.டி.வி. தினகரனும் காகிதத்தில் சுயேச்சைதான். அவரை அரசியல் சாராதவர் என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

கட்சி சாராதவரை அரசியல் சாராதவர் என்று எடுத்துக்கொள்வது அபத்தம். அவருக்கும் அகதி, வாடகை, வரி, பருவநிலை என்று எல்லாவற்றிலும் ஒரு நிலைப்பாடு உண்டு. அது என்னவென்று கேட்காமலேயே நாம்தான் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறோம்.

ட்யூபிங்கனைப் பாருங்கள். அதே பாடன்-வுர்ட்டம்பெர்க்கில் உள்ள பழைய பல்கலைக்கழக நகரம். 2007 முதல் அங்கே மேயர் போரிஸ் பால்மர். பசுமைக் கட்சிக்காரராக வந்தவர். 2017-இல், எல்லோருக்கும் நம்மால் உதவ முடியாது என்ற பொருள்படும் தலைப்பில் அகதிகள் பற்றிப் புத்தகம் எழுதினார். 2020-இல், கொரோனா முடக்கத்தைப் பற்றிப் பேசுகையில், எப்படியும் அரை வருடத்தில் இறந்துபோகக்கூடியவர்களைத்தான் ஒருவேளை காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில் ஒரு வார்த்தையை விட்டார். 2021 மே மாதம் மாநிலக் கட்சி அவரை நீக்கும் நடவடிக்கையில் இறங்கியது. கடைசியில் உறுப்பினர் உரிமையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பது என்று சமரசம். 2022 அக்டோபரில் சுயேச்சையாக நின்றார். பசுமைக் கட்சி எதிர் வேட்பாளரை நிறுத்தியது. முதல் சுற்றிலேயே 52.4 சதவீதம் வாங்கி ஜெயித்தார்.

'கட்சியாவது கத்தரிக்காயாவது, ஆள் நல்ல நிர்வாகி' என்பதுதான் அந்த வெற்றிக்குச் சொல்லப்பட்ட விளக்கம். நிர்வாகி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் காபிக் கோப்பைக்கு 50 சென்ட், கரண்டிக்கு 20 சென்ட் என்று 2022 ஜனவரி முதல் ட்யூபிங்கன் வரி போட்டது. ஊர்க் குப்பையைக் குறைக்க ஊர் போட்ட வரி. இதைவிட உள்ளூர் விஷயம் எது? ஆனால் அது எங்கே போய் நின்றது தெரியுமா? ஊரிலிருந்த மெக்டொனால்ட்ஸ் கிளையை நடத்தியவர் வழக்குப் போட்டார். மன்ஹைமில் மாநில உயர் நிர்வாக நீதிமன்றம் வரி செல்லாது என்றது. 2023 மே மாதம் லைப்சிக்கில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் பெரும்பாலும் செல்லும் என்றது. 2025 ஜனவரியில் கார்ல்ஸ்ரூஹேயில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதே மாதிரி காசல் நகரம் போட்ட வரியை, நாட்டின் கழிவுச் சட்டத்தின் போக்குக்கு முரண் என்று 1998-இல் ரத்து செய்ததும் அதே கார்ல்ஸ்ரூஹேதான். சாதாரணக் காகிதக் கோப்பை. அதில் நகராட்சியின் வரி விதிக்கும் உரிமை, மத்திய சட்டம், பன்னாட்டு நிறுவனத்தின் வியாபாரம் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன. குப்பைக்குக் கட்சி இல்லையாம்!

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பால்மர் மறுதேர்தலில் ஜெயித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 2023 ஏப்ரலில் ஃப்ராங்க்பர்ட்டில் குடியேற்றம் பற்றிய ஒரு மாநாட்டு வாசலில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எதிர்த்துக் கோஷம் போட்டவர்களிடம், நாஜிகள் யூதர்களின் சட்டையில் தைக்க வைத்த நட்சத்திரத்தோடு தன் நிலையை ஒப்பிட்டார். சில நாளில் கட்சியிலிருந்து விலகினார். ஜூன் மாதம் முழுக்க விடுப்பில் போனார். கோப்பை வரிக்காக ஓட்டுப் போட்டவர் இந்தப் பேச்சையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார். பாதி ஆளை மட்டும் தேர்ந்தெடுக்க ஓட்டுச்சீட்டில் வழி கிடையாது. கட்சியில் இருந்தவரை விளக்கம் கேட்கவாவது ஓர் அமைப்பு இருந்தது. இப்போது கேட்க வாக்காளரைத் தவிர வேறு யார்? பாடன்-வுர்ட்டம்பெர்க்கில் மேயர் பதவிக்காலம் எட்டு ஆண்டு. நகர மன்றத்துக்குத் தலைமை தாங்குவதும் நிர்வாகத்தை நடத்துவதும் அவரே. நடுவில் மக்கள் ஓட்டுப் போட்டு இறக்கவும் அங்கே வழியில்லை.

(போரிஸ் பால்மரின் அப்பா ஹெல்முட் பால்மர் வேறு ரகம். பழத்தோட்டக்காரர். இருநூறுக்கும் மேற்பட்ட மேயர் தேர்தல்களில் சுயேச்சையாக நின்றார், ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. 'ரெம்ஸ்டால் கலகக்காரன்' என்றே அவருக்குப் பெயர். அவரை அரசியலற்றவர் என்று சொல்லும் துணிச்சல் ஒருவருக்கும் வந்திருக்காது.)

கொலோன் கதை இன்னும் கொடியது. ஹென்ரியட்டே ரேக்கர் எந்தக் கட்சியிலும் இல்லை. அகதிகளுக்குத் தங்க இடம் பார்ப்பது நகராட்சியில் அவர் பொறுப்பிலிருந்த வேலை. கட்டில், போர்வை, கழிப்பறை என்று பார்த்தால் சுத்த நிர்வாக வேலைதான். 2015 அக்டோபர் 17, மேயர் தேர்தலுக்கு முந்தைய நாள், பிரவுன்ஸ்ஃபெல்ட் சந்தையில் பிரசாரம் செய்துகொண்டிருந்தவரைத் தீவிர வலதுசாரி ஒருவன் கழுத்தில் குத்தினான். காரணம் அந்த அகதிகள். மறுநாள் அவர் நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடக்க, ஊர் 52.66 சதவீத ஓட்டில் அவரை மேயராக்கியது. அவரிடம் கட்சி அட்டை இல்லை என்பது கத்தி தூக்கியவனைத் தடுக்கவில்லை. அந்த வேலையில் இருந்த அரசியல் அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்று: ரேக்கருக்குப் பின்னால் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, பசுமைக் கட்சி, சுதந்திர ஜனநாயகக் கட்சி என்று மூன்று கட்சிகள் நின்றன. மன்றத்தில் பெரும்பான்மை இல்லாமல் ஒரு பட்ஜெட் நிறைவேறாது. அதனால் கட்சி சாராத மேயரும் ஏதோ ஒரு வகையில் கட்சிகளைச் சார்ந்தே ஆகவேண்டும்.

நண்பர் கட்சி பார்க்கச் சொன்ன ஜெர்மன் நாடாளுமன்றத்தில் சுயேச்சைகளின் கதை இரண்டு வரிக்கு மேல் தாங்காது. 1949-இல் மூன்று பேர் சுயேச்சையாக ஜெயித்தார்கள். அதன்பிறகு ஒருவர்கூட இல்லை.

உள்ளாட்சி அரசியலே இல்லை என்பவர்களுக்குக் கார்ல்ஸ்ரூஹே எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதில் நம் முகத்தில் விழுந்த அடி. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் சில நாட்டவருக்கு உள்ளாட்சி ஓட்டுரிமை கொடுத்தது. ஹம்பர்க் தன் மாவட்ட மன்றங்களுக்கு வெளிநாட்டவரும் ஓட்டுப் போடலாம் என்றது. 1990 அக்டோபர் 31 அன்று இரண்டும் செல்லாது என்றது நீதிமன்றம். உள்ளாட்சியும் அரசு அதிகாரம்தான், அந்த அதிகாரம் ஜெர்மன் மக்களிடமிருந்து மட்டுமே பிறக்கவேண்டும் என்பது வாதம். பிறகு அரசியலமைப்பைத் திருத்தி ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடம் இங்கே வரி கட்டினாலும், குடியுரிமை இல்லாதவர் ஊர் மேயருக்குக்கூட ஓட்டுப் போட முடியாது. நேற்று வந்த போர்த்துக்கீசியர் மூன்று மாதத்துக்குள் போட்டுவிடுவார். வெறும் குப்பை விஷயமாக இருந்திருந்தால் நம்மை ஏன் வாசலில் நிறுத்தினார்கள்?

2024 ஜூன் 27 முதல் ஜெர்மனியில் ஐந்து வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் சட்டம் பழைய குடியுரிமையைக் கைவிடச் சொல்வதில்லை. என் நண்பர் மாதிரி இன்னும் எத்தனையோ பேர் முதல்முறை ஓட்டுச்சாவடிக்குப் போவார்கள். போவதற்கு முன், வாரச் சந்தையில் துண்டுப் பிரசுரம் நீட்டும் கட்சி சாராத அந்த நல்ல மனிதரிடம் ஒன்று கேளுங்கள்: வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க ஏன் இத்தனை மாதம் ஆகிறது, நீங்கள் வந்தால் அங்கே எத்தனை ஆள் போடுவீர்கள்? அது என் கையில் இல்லை, மேலிடத்து அரசியல் என்று அவர் நழுவினால் நம்பாதீர்கள். பெரும்பாலான பெருநகரங்களில் அந்த அலுவலகம் மேயரின் கீழ்தான் இருக்கிறது.