பெட்ஷீட் சுற்றினால் ரோமானியரா?

மாறுவேடப் போட்டியோ, கல்லூரி நாடகமோ, ரோமானியர் வேடம் என்றதும் எல்லோர் கையும் நேராக வெள்ளை பெட்ஷீட்டுக்குத்தான் போகிறது. தோளில் சுற்று, ஊக்கைக் குத்து, தலையில் காகித இலைகளைச் செருகு... சீசர் ரெடி! 1978-ல் 'அனிமல் ஹவுஸ்' என்ற ஹாலிவுட் படம் வந்த பிறகு அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த பெட்ஷீட் கூத்து இன்னும் பிரபலமானது.

ஆனால் டோகா என்பது ரோமில் எல்லோரும் கட்டிய உடையே அல்ல. அது குடியுரிமை பெற்ற ஆண்களுக்கானது. அடிமைகளும் வெளிநாட்டவரும் அதைக் கட்ட முடியாது. கௌரவமான குடும்பத்துப் பெண்கள் கட்டுவதில்லை. கட்ட உரிமை இருந்தவர்களுக்கும் அது தொல்லைதான். அரைவட்டமான கம்பளித் துணி, பேரரசுக் காலத்தில் ஐந்து மீட்டருக்கும் மேல் நீளம். ஊக்கெல்லாம் கிடையாது, இடது கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். டோகா இல்லாமல் யாரும் நகர மன்றத்தில் நிற்கக் கூடாது என்று அகஸ்டஸே உத்தரவு போட வேண்டியிருந்தது. மக்கள் எவ்வளவு ஆசையாகக் கட்டியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

ரோமானியர்கள் நிஜமாகவே தினமும் போட்டது ட்யூனிக். பெட்ஷீட்டைவிட இதுதான் சுலபம். தோளிலிருந்து முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை நீளம், ஒரு முழங்கையிலிருந்து மறு முழங்கை வரை அகலம் என்று இரண்டு செவ்வகத் துண்டுகள் போதும். மேலே தலைக்கும் பக்கங்களில் கைக்கும் இடம் விட்டுத் தைத்து, இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, துணியைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டால் முடிந்தது. பெண்களுக்கு என்றால் கணுக்கால் வரை நீளம் வேண்டும். பளீர் வெள்ளைதான் வேண்டும் என்பதில்லை. சாயம் போடாத கம்பளியின் பழுப்பும் சாம்பலும் சாதாரண நிறங்கள். (பளிங்குச் சிலைகளைப் பார்த்து நாம் ஏமாந்துவிட்டோம். அந்தச் சிலைகளுக்கும் ஒரு காலத்தில் வண்ணம் பூசியிருந்தார்கள்.)

பெரிய மனிதர் வேடம்தான் வேண்டுமா? இரண்டு தோள்களிலிருந்தும் கீழ்விளிம்பு வரை ஊதாப் பட்டை ஒட்டுங்கள். அகலமான பட்டை செனட்டருக்கு, மெல்லியது அடுத்த படியில் இருந்தவர்களுக்கு. கடல் நத்தையிலிருந்து எடுத்த உயர்ந்த ஊதாவின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். கி.பி. 301-ல் டயோக்ளீஷியன் போட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையில் ஊதாச் சாயமிட்ட பட்டு ஒரு ராத்தல் 1,50,000 டெனாரி. அதே ஆணையில் பண்ணைக் கூலியாளுக்குச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 25 டெனாரி. அதாவது 6,000 நாள் கூலி!

அந்தக் கூலியாளுக்கு நம் வேடங்களில் இடமே இல்லை என்பதுதான் உறுத்துகிறது. ஒரு வகுப்பே ரோமானியர் வேடம் போடும்போது நாற்பது சீசர்கள் எதற்கு? இரண்டு சீசர்கள் போதும். மற்றவர்கள் ட்யூனிக்கில் ரொட்டி சுடட்டும், மூட்டை தூக்கட்டும், அந்த இரண்டு சீசர்களின் டோகாக்களை வெளுக்கட்டும். (சிறுநீர் ஊற்றி மிதித்துத்தான் வெளுத்தார்கள். அதை மட்டும் மேடையில் செய்ய வேண்டாம்.)