முருங்கைத் தூள் முதல் மிளகாய்த் தூள் வரை: ஹலால் மட்டும் போதுமா?

முருங்கைக்கீரைத் தூள், கறிவேப்பிலைத் தூள், பீட்ரூட் தூள் என்று இன்று சந்தைகளிலும் மளிகைக் கடைகளிலும் விதவிதமாக விற்கிறார்கள். சத்து என்று நம்பி மோரிலும் பாலிலும் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். கீரையில் ஹராம் என்ன இருக்கப் போகிறது என்று நிம்மதியாக இருந்து விடுகிறோம். ஆனால் திருக்குர்ஆன் (2:168) ஹலாலுடன் 'தய்யிப்' எனும் தூய்மையையும் சேர்த்தே சொல்கிறது. அதைப் பற்றித்தான் நாம் கேட்பதில்லை.

2025 அக்டோபரில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் சால்மொனெல்லா கிருமித் தொற்று கண்டறியப்பட்டது. விசாரணை ராஜஸ்தானின் ஜோத்பூரிலிருந்து சென்ற முருங்கை இலைத் தூளில் போய் முடிந்தது. அது கலந்த சத்துப் பொடிகள் திரும்பப் பெறப்பட்டன. நம் ஊரில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், எதையோ தின்றிருப்பான் என்று விட்டு விடுகிறோம். தூளை யாரும் சந்தேகிப்பதில்லை.

காய்ந்த தூளில் என்ன கெடும் என்று தோன்றலாம். அசுத்தமான நீரில் கழுவினாலோ, திறந்த தரையில் உலர்த்தினாலோ கிருமி ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த தூளில் அது பெருகாது. ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொதிக்க வைத்தால் அழிந்து விடும். மோரில் அப்படியே கலக்கினால் அழியாது.

மிளகாய் போன்றவை சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடித்து 'அஃப்லடாக்சின்' என்ற நஞ்சு உருவாகும். கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கும் இந்த நஞ்சு, சமைத்தாலும் முழுமையாகப் போகாது. அடுத்தது ஈயம். இது மண்ணிலிருந்தும் சாலைப் புழுதியிலிருந்தும் வரலாம், நிறத்துக்காகவும் சேர்க்கப்படலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் இதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை. காய்ந்து எடை குறையும்போது இலையிலுள்ள ஈயம் தூளில் செறிவாகி விடுகிறது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இச்செய்தி சஹீஹ் முஸ்லிமில் உள்ளது. குவியலின் ஈரத்தைக் கையால் அறிய முடிந்தது. அரைத்த பிறகு புழுத்ததும் நல்லதும் ஒரே தூள்தான். எனவே அரைத்து விற்பவரின் அமானிதம் இன்னும் கனமானது. வீட்டிலிருந்தபடி பொடி விற்கும் நம் சகோதரிகளுக்கும் இது பொருந்தும்.

பாக்கெட்டிலுள்ள 14 இலக்க எண் விற்பனையாளர் பதிவு செய்ததை அல்லது உரிமம் பெற்றதைக் காட்டும். அந்தத் தூள் பரிசோதிக்கப்பட்டது என்பதற்கு அது சான்றல்ல. ஆனால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு நமக்கு ஓர் உரிமை தருகிறது. பரிசோதிக்கப் போகிறோம் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி, அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு குடும்பத்துக்குச் சுமையான இதை, ஒரு ஜமாஅத் எளிதாகச் செய்யலாம்.

இதனால் பயன் உண்டா? வங்கதேசத்தைப் பாருங்கள். 2019-இல் அங்கு சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. பரிசோதனை, அபராதம், மக்கள் விழிப்புணர்வு மூன்றும் சேர்ந்து 2021-இல் அதைப் பூஜ்யமாக்கின.

அதுவரை கீரையை வாங்கிக் கழுவி, வீட்டிலேயே நன்றாக உலர்த்தி அரைப்போம். கடைத் தூளானால் கொதிக்க வைத்தே கொடுப்போம், கிருமியாவது அழியும். விற்பவரிடம் எங்கே காயவைத்தீர்கள் என்று கேட்போம். நேர்மையான வியாபாரி அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.