கடன் வாங்கிய பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள்



தரம் 8 படிக்கும் என் பேத்தி சென்ற வாரம் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' பாடக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். கரப்பந்தாட்டத் திடலை அடிமட்டம் வைத்து அழகாகக் கீறியிருந்தாள். நீளம் 18 மீற்றர், அகலம் 9 மீற்றர், வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24. எல்லாம் சரி. "பந்தைக் கையால தொட்டிருக்கிறியா பிள்ள?" என்று கேட்டேன். "இல்ல தாத்தா, ரீச்சர் கீறத்தான் சொன்னவ. பந்து ஸ்டோருக்குள்ள இருக்கு" என்றாள்.

கரப்பந்தாட்டம் 1991 முதல் இந்நாட்டின் தேசிய விளையாட்டு. அதைக் கொப்பியில் விளையாடுகிறார்கள் எங்கள் பிள்ளைகள். தவணைப் பரீட்சை நெருங்கினால் கீறுவதற்குக்கூட நேரமில்லை. உடற்கல்விப் பாடவேளை கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ போய்விடும். இது ஒரு பாடசாலையின் கதையென்றால் அதிபரிடம் நேரே பேசி முடித்திருப்பேன். தம்பலகாமத்துப் பெற்றோர் பலரிடம் விசாரித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எழுதுவதற்கு எனக்கு யோக்கியதை கொஞ்சம் குறைவுதான். நான் கணித ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். "சேர், இண்டைக்கு உங்கட பாடத்தை எனக்குத் தாங்கோ, சமன்பாடு முடிக்க வேணும்" என்று உடற்கல்வி ஆசிரியரிடம் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! அந்த மனுசனும் ஒரு சொல் சொல்லாமல் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவார். தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாம் படிப்பித்த நான் அந்தக் கடனை ஒரு நாளும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வாங்கிய கடனால் லாபமும் இல்லை. ஆடி மாதம் கச்சான் காற்று அனலாய் அடிக்கும்போது கடைசிப் பாடவேளையில் ஒரு கணக்கை மூன்று முறை சொன்னாலும் ஏறாது. பிள்ளைகளின் கண் யன்னலுக்கு வெளியே நிற்கும். மைதானத்தால் வந்த வகுப்பு வேறு மாதிரி. வியர்வை நாற்றம், தண்ணீர்ப் போத்தலுக்குச் சண்டை, அடங்க ஐந்து நிமிசம். அதற்குப் பிறகு கேள்வி கேட்டால் பின்வாங்கிலிலிருந்தும் கை உயரும். கண்ணால் கண்டும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

2009இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் ஹில்மன் குழுவினர் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 20 பேரை ஒரு நாள் 20 நிமிடம் நடக்க வைத்தும், இன்னொரு நாள் சும்மா இருத்தியும் சோதித்தார்கள். நடந்த நாளில் கவனமும் வாசித்து விளங்கும் திறனும் கூடியிருந்தன. இருபது பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது என்று யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 50 ஆய்வுகளை ஒன்றாக அலசியது. உடலசைவுக்கும் படிப்புக்கும் இடையே பார்க்கப்பட்ட 251 தொடர்புகளில் பாதிக்குச் சற்று மேல் நன்மை காட்டின. 48 வீதத்தில் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் தெரியவில்லை. படிப்புக்குப் பாதகம் என்று வந்தவை 1.5 வீதம் மட்டுமே. ஓடினால் 'ஏ' சித்தி வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. விளையாட்டுக்குக் கொடுத்த நேரத்தால் புள்ளி குறையும் என்ற பயத்துக்குத்தான் ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தை நம்பியே இத்தனை வருடமாகப் பாடவேளையைப் பறித்துக்கொண்டிருக்கிறோம்.

"இல்ல விளையாட்டுப் போட்டி வைக்கிறோமே" என்பார்கள். வைக்கிறார்கள். நன்றாக ஓடக்கூடிய சிலர் ஓடுகிறார்கள், மற்றப் பிள்ளைகள் குருத்தோலை கிழித்து இல்லம் சோடிக்கிறார்கள். கிண்ணம் கொடுத்துப் படம் எடுத்ததும் மைதானத்தை மாட்டுக்கு விட்டுவிடுகிறார்கள். 5 முதல் 17 வயது வரையான பிள்ளைக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிட உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சோடனை அதில் சேராது.

தரம் 5 பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். என் பேரன் ஒன்றரைக்குப் பள்ளி விட்டு, மேலதிக வகுப்பு, பிறகு ரியூசன் என்று விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வீடு வருகிறான். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கந்தளாய்த் தண்ணீரையும் இரண்டு போகத்தையும் நம்பியிருக்கும் தகப்பன், பிள்ளை புலமைப்பரிசில் எடுத்து ரவுணுக்குப் போய்ப் படிக்கட்டும் என்று நினைப்பதில் என்ன பிழை? ஆனால் சூடு அடித்து முடித்த வயலில் கிட்டியடித்து, கிளித்தட்டு மறித்து வளர்ந்தவன்தான் அந்தத் தகப்பனும். இன்று அறுத்த வயல் வெறுமையாகக் கிடக்கிறது.

விளையாட்டுக்காரன் படிக்கமாட்டான் என்று இன்னமும் நம்புகிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ். மத்திய கல்லூரி மாணவன். 1952இலும் 1956இலும் ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர், 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கம் கொண்டுவந்தவர். பிறகு அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

வலயக் கல்வி அதிகாரிகளிடம் நான் புதுப் பணமோ புதுக் கட்டடமோ கேட்கவில்லை. நேரசூசியில் ஏற்கெனவே இருக்கும் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுக்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். தரம் 5 பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்புக்கு முன்னால் அரை மணித்தியாலமாவது மைதானத்தைத் திறந்து விடுங்கள். அடுத்த முறை மேற்பார்வைக்கு வரும்போது பாடக்குறிப்புப் புத்தகத்தோடு நின்றுவிடாமல், ஸ்டோர் திறப்பையும் கேட்டு வாங்கி, அந்தப் பந்தில் காற்று இருக்கிறதா என்று ஒருக்கால் அமுக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தம்பலகாமம்.