உடல்நலப் பகுதி: முள் தைத்த கால்

சென்ற ஆண்டு சங்கத்தின் சித்திரை விழா முடிந்து யாவரும் காப்பி அருந்திக் கொண்டிருந்த வேளையில், அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துத் தம் வலது காலைக் காட்டினார். புறங்காலில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. வலி இல்லை, காய்ச்சலும் இல்லை. முன்னரே பார்த்த மருத்துவர் ஒருவர் கொழுப்புக் கட்டி என்று கூறி அனுப்பிவிட்டாராம். முதற் பார்வையில் நாமும் அவ்வாறே எண்ணினோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பலமுறை வினவிய பின்னரே, அதற்கு முந்திய விடுமுறையில் சந்திரகிரிக்குச் சென்றபோது தந்தையார் வைத்த மாந்தோப்பில் வெறுங்காலுடன் உலவியதும், வேலிமுள் ஒன்று தைத்ததும் அவர் நினைவுக்கு வந்தன. அவர் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப் பெற்றவர்.

கட்டியை அறுத்தெடுத்துச் சோதித்தபோது அதனுள்ளே பழுப்பு நிறப் பூஞ்சண இழைகள் காணப்பட்டன.

பூஞ்சணம் என்றால் நம் இல்லங்களில் படர்தாமரையும் சேற்றுப்புண்ணுமே நினைவுக்கு வரும். அவை தோலின் உயிரற்ற மேற்படலத்தை உண்டு வாழ்பவை. அரிப்பைத் தருமேயன்றி ஆழச் செல்வது அரிது. மண்ணிலும் மட்கிய இலையிலும் முள்ளின் நுனியிலும் வாழும் வேறு சில உண்டு. அவை தாமாகத் தோலைத் துளைப்பதில்லை; முள்ளோ சிராய்ப்போ வழிவிட வேண்டும். நலமுள்ள உடலில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் அவற்றை அங்கேயே அழித்துவிடுகின்றன. மாற்றுறுப்பை உடல் வெறுத்து ஒதுக்காதிருக்க மருந்துண்பவர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர், நீரிழிவைக் கட்டுக்குள் வைக்காதவர் ஆகியோரிடம் அக்காவல் தளர்ந்திருக்கிறது. ஆதலின் தைத்த முள் மறந்து பல திங்கள் கழித்துக் கட்டி தோன்றுகிறது.

2021ஆம் ஆண்டில் கொரோனாவைத் தொடர்ந்து இந்தியாவில் 40,000 பேருக்கு மேல் பற்றிய ‘கறுப்புப் பூஞ்சை’ இதுவன்று. அது பெரும்பாலும் மூக்கையும் கண்ணையும் தாக்கியது. அங்குக் கண்ட கறுப்பு, குருதியோட்டம் அற்று மடிந்த தசையின் நிறமேயன்றிப் பூஞ்சணத்தின் நிறமன்று. எனினும் அதே இனத்தவை காயத்தின் வழியே தோலிலும் புகும். அவற்றுள் ஒன்றான அபோபிசோமைசிஸ் என்பது 1979இல் இந்திய மாந்தோப்பு ஒன்றின் மண்ணிலிருந்தே முதன்முதல் விவரிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜாப்ளின் நகரை 2011இல் சூறாவளி தாக்கியபோது, காயமுற்றவர்களுள் 13 பேரை அவ்வினம் பற்றி ஐவரை மாய்த்தது. அவர்களோ முன்னர் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் அல்லர். புண் ஓரிரு நாளில் கறுத்துப் பரவினால் மறுநாள் வரை காத்திருத்தல் ஆகாது. அறுவையும் ஆம்போடெரிசின் மருந்தும் உடனே வேண்டும்.

நம் நாட்டு மண்ணுக்கும் பாதத்துக்கும் உள்ள இப்பகை பழையது. 1842இல் மதுரையில் கில் என்னும் மருத்துவர் கண்டு எழுதிய பாதநோய், இன்றும் மருத்துவ நூல்களில் மதுரையின் பெயரையே தாங்கி நிற்கிறது. நம்மூர்ப் பெயர் உலகெங்கும் பரவ வேறு வழி கிடைத்திருக்கலாம்!

ஊர் செல்லும் அன்பர்களுக்கு ஒரு சொல். சந்திரகிரியை அடுத்த ஸ்ரீநிவாசமங்காபுரத்தின் பக்கமாக ஸ்ரீவாரி மெட்டு வழியில் சுமார் 2,400 படிகள் ஏறித் திருமலை செல்வது நம் குடும்பங்கள் பலவற்றில் வேண்டுதல். மேற்கூறிய மருந்துகளை உண்பவர் வெறுங்காலுடன் ஏறுவதை நாம் ஒப்பவில்லை. வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். மலைக்குப் பேருந்தும் செல்கிறது. தோப்பிலும் வயலிலும் மூடிய காலணி வேண்டும். முள் தைத்தால் சோப்பு நீரால் கழுவி, நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மருத்துவர் கேட்கும் முதற் கேள்வி அதுவாக இருக்கும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவ வேண்டா. அது சிவப்பைத் தணித்து நோயை உள்ளே வளர விடும்.

கட்டியை அறுக்கும் நாளில், எடுத்த தசை முழுவதையும் பார்மலினில் இடாமல் ஒரு பகுதியை உப்புநீரில் வைத்துப் பூஞ்சண வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புமாறு முன்னதாகவே கேளுங்கள். பார்மலினில் இட்டதில் எதுவும் வளராது. எவ்வினம் என்று அறியாமல் மருந்தைத் தேர்வதும் கடினமாகும். மேலும், இதற்குத் தரும் இட்ரகோனசோல் மாத்திரை, மாற்றுச் சிறுநீரகத்தார் உண்ணும் டாக்ரோலிமஸின் அளவைக் குருதியில் உயர்த்திவிடும். இரண்டையும் தருபவர்கள் ஒருவரோடொருவர் பேசாவிடில், காலைக் காத்துச் சிறுநீரகத்தை இழக்க நேரும். நம் அன்பருக்கு அவ்விருவரையும் தொலைபேசியில் இணைத்தவர் அவருடைய மகளே.

கட்டி மீண்டும் வரவில்லை. மாத்திரை இன்னும் இரண்டு திங்களுக்கு உண்டு என்கிறார். வரும் தை மாதம் ஊருக்குப் போகிறாராம். முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி ஒன்றை வாங்கி வைத்திருப்பதை நம்மிடம் காட்டினார்.